வாளியோசையும் வெற்றி முடியும்
இம்மாக்குலாட்டா கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து வரலாறு

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளையும், மணிக்கூண்டு எழுந்த ஆண்டையும், பணியாற்றிச் சென்ற குருக்களின் பெயர்களையும் தவறாது குறிப்பர். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவர். பிள்ளைகள் மாலை வேளையில் ஓடியாடிய மைதானத்தைப் பற்றி மட்டும் எவரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. இம்மலரில் நாம் எடுத்துக்கொண்டுள்ள வரலாறு அத்தகைய மைதானங்களிலிருந்து பிறந்தது. அது நடந்த இடம் நம் நாடன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். நடந்த காலம் 1971ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1972 மார்ச் மாதத்துக்கும் இடைப்பட்ட ஒரு கூடைப்பந்துப் பருவம். கன்னியர் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரி ஒன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளித் தேசிய முடி சூடிய கதை இது.

பிலடெல்பியா நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 20 மைல் தொலைவில், குன்றின்மேல் அமைந்திருக்கிறது இம்மாக்குலாட்டா கல்லூரி. மரியாயின் மாசற்ற இருதய ஊழியச் சகோதரிகள் என்னும் சபையார் 1920ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். முதலில் வில்லா மரியா கல்லூரி என்று பெயர். 1929ல் இப்போதைய பெயர் வந்தது. இம்மாக்குலாட்டா என்ற இலத்தீன் சொல்லுக்கு மாசற்றவள் என்பது பொருள். அமலோற்பவ மாதா கல்லூரி என்று நம் வழக்கில் சொல்லிவிடலாம். அதன் ஆட்டக்காரிகளுக்கு 'மைட்டி மாக்ஸ்' என்ற பட்டப்பெயர் உண்டு. மாக்குலாட்டா என்பதிலிருந்து 'மாக்' பிறந்தது. மைட்டி என்றால் வல்லமை மிக்க என்று பொருள்.

கூடைப்பந்து 1891ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டியபோது பிறந்தது என்பதைப் பலரும் அறிவர். ஓராண்டுக்குள் அது பெண்கள் கல்லூரிக்கும் வந்துவிட்டது. ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் அம்மையார் பெண்களுக்கென விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தில் நிற்பவள் மறுபாகத்துக்கு ஓடக்கூடாது என்று கோடு கிழித்தார். பெண்ணுடல் அதற்குமேல் தாங்காது என்பது அக்காலத்து மருத்துவர்களின் எண்ணம். அந்த எண்ணம் உடனே மறைந்ததா என்றால், இல்லை. அணிக்கு ஐவராக முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடும் முறை கல்லூரிப் பெண்களுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 1971ல்தான். ஏறக்குறைய 80 ஆண்டுக் காலம் பெண்கள் பாதிக் களத்திலும் மூன்றிலொரு களத்திலும் ஓடிக்கொண்டிருந்தனர்!

இடையில் இன்னொரு தடையும் எழுந்தது. 1923க்குப் பின் அமெரிக்காவின் பெண் உடற்கல்வி ஆசிரியைகளே போட்டி ஆட்டத்தைக் குறை கூறலாயினர். வெற்றி தோல்வி, பார்வையாளர் கூட்டம், நுழைவுச் சீட்டு ஆகியவை பெண்களைக் கெடுத்துவிடும். மகிழ்ச்சிக்காக ஆடினால் போதும் என்றனர். பல கல்லூரிகள் பெண்களின் போட்டி அணிகளைக் கலைத்துவிட்டு, எல்லோரும் கலந்து ஆடும் 'விளையாட்டு நாள்' நடத்தின. திருச்சபையின் குரலும் அன்று வேறு விதமாக இல்லை. 1928ல் உரோமை நகரில் நடந்த பெண்கள் உடற்பயிற்சிப் போட்டியைப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டு கல்வியைப் பற்றி அவர் விடுத்த சுற்றுமடலிலும், பெண்பிள்ளைகள் பொதுமக்கள் முன் உடற்பயிற்சி காட்டுவது கிறிஸ்தவ அடக்கத்துக்கு ஊறு விளைவிக்கும் என்று எச்சரித்தார்.

ஆனால் பிலடெல்பியாவின் பங்குகளில் நடந்ததோ வேறு. அயர்லாந்து, இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பங்குகள் அவை. ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு பள்ளி. பள்ளிக்கு ஒரு மண்டபமோ முற்றமோ. முற்றத்தில் ஒரு கூடை. 1930ல் சிக்காகோவின் துணை ஆயர் பெர்னார்டு ஷீல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு நாடெங்கும் பரவியபோது, பங்குக்குப் பங்கு கூடைப்பந்து அணிகள் முளைத்தன. பையன்களுக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைகளுக்கும் அணி இருந்தது. அதன்பின் மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே தனிப் போட்டி. அரசாங்கப் பள்ளிகளில் பெண்கள் விளையாட்டு ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த காலத்தில், கத்தோலிக்கப் பெண்பள்ளிகளின் ஆட்டத்துக்குத் தகப்பன்மார் வேலை முடிந்து நேரே வந்து நின்று கூச்சலிட்டனர்.

சுற்றுமடலுக்கும் முற்றத்துக்கும் நடுவே நின்றவர்கள் கன்னியர். அவர்கள் சுற்றுமடலை மறுக்கவுமில்லை, கூடையைக் கழற்றவுமில்லை. ஆடையைத்தான் கவனித்துக்கொண்டனர். மடிப்பு மடிப்பாகத் தைத்த கம்பளிச் சட்டைப்பாவாடை, உள்ளே கழுத்துப் பட்டையுள்ள மேற்சட்டை, இடுப்பில் ஒரு கச்சை. இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி என்பது அவர்கள் கண்ட வழி. 1972லும் இம்மாக்குலாட்டா பெண்கள் ஏறக்குறைய இதே உடுப்பில்தான் களமிறங்கினர். பின்னாளில் பலரும் இந்த உடுப்பைப் பார்த்துச் சிரித்ததுண்டு. அந்த மடிப்புப் பாவாடை அனுமதிச் சீட்டாகப் பயன்பட்டது என்பதே நம் எண்ணம். அது இல்லாதிருந்தால் ஆட்டமே இருந்திராது.

இச்சபையின் சகோதரியர்தாம் பிலடெல்பியாப் பங்குப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியைகளாக இருந்தனர். ஆகவே சிறுமியாயிருந்தபோது பங்கு அணியில் ஆடியவள், உயர்நிலைப் பள்ளி அணியில் வளர்ந்து, கல்லூரிக்கு வந்தபோதும் பழகிய அதே சபையின் உடுப்பைத்தான் எதிரில் கண்டாள். இம்மாக்குலாட்டாவின் கூடைப்பந்து திடீரென வானத்திலிருந்து விழுந்தது போல எழுதுவோர் பலர். முப்பது ஆண்டுகளாகப் பங்குகள் போட்ட விதை அங்கே முளைத்திருந்தது என்பதை அவர்கள் காண்பதில்லை.

1967 நவம்பரில் கல்லூரியின் விளையாட்டுக் கூடம் தீக்கிரையாயிற்று. அதனால் சில காலம் சொந்த ஆடுகளமே இல்லாமற் போயிற்று. அந்த நிலையில், 1970ல், காத்தி ரஷ் என்ற இளம்பெண் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். வயது 23ஐத் தாண்டவில்லை. சம்பளம் பருவம் முழுமைக்கும் 450 டாலர். அவர் கத்தோலிக்கர் அல்லர். அருகிலுள்ள வெஸ்ட் செஸ்டர் மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருடைய கணவர் எட் ரஷ் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். முதலாண்டுப் பயிற்சி நவகன்னியர் இல்லத்தின் அடித்தளத்து ஆடுகூடத்தில் நடந்தது. மேலே துறவறப் பயிற்சி பெறும் இளங்கன்னியரின் மௌனம். கீழே பந்தின் தொம் தொம் ஓசை. அந்த முதற்பருவத்திலேயே 10 வெற்றி, 2 தோல்வி.

ரஷ் அம்மையாரிடம் இருந்த தனித்தன்மை யாதெனில், பெண்களுக்கென்று ஓர் இளைத்த ஆட்டம் உண்டு என்பதை அவர் ஏற்கவேயில்லை. ஆண்கள் கல்லூரிகள் ஆடும் முறைகளை அப்படியே கற்பித்தார். பந்து எதிரணியின் கைக்குப் போன கணமே களம் முழுவதும் அவர்களை நெருக்கிப் பிடிப்பது. தோழி ஒருத்தி சுவர் போல் நின்று வழிமறிக்க, மற்றவள் அவளைச் சுற்றிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்வது. முழுக் களமும் ஓடலாம் என்று விதி மாறிய அதே வேளையில், முழுக் களமும் ஓடத் தெரிந்த பெண்கள் அவரிடம் இருந்தனர்.

அப்பெண்களுள் முதலிடம் தெரேசா ஷாங்க்குக்கு. கார்டினல் ஓஹாரா உயர்நிலைப் பள்ளியில் ஆடிப் பெயர் பெற்ற உயரமான பெண். வேறு ஊரிலுள்ள கல்லூரிக்குப் போகவிருந்த நேரத்தில் அவருடைய குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்துபோயிற்று. ஆகவே வீட்டுக்கு அருகிலிருந்த இம்மாக்குலாட்டாவுக்கே வந்தார். ஒரு தீ கல்லூரியின் ஆடுகளத்தைப் பறித்தது. மற்றொரு தீ அதற்கு ஓர் ஆட்டக்காரியைத் தந்தது.

1971 இலையுதிர் காலத்தில் முதலாண்டு மாணவியாக வந்தவர் ரெனே மூத். அவருடைய தந்தையார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் ஆட்டம் பார்க்க வரும்போது கடையிலிருந்து தகர வாளிகளையும் மரக்குச்சிகளையும் அள்ளிக்கொண்டு வந்து கன்னியர் கையில் கொடுத்தார். கறுப்பு முக்காடும் நீண்ட அங்கியும் அணிந்த சகோதரியர் வரிசையாக அமர்ந்து வாளியைத் தட்டும் ஓசையில் எதிரணியினர் தங்கள் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்க முடியாமல் திகைத்தனராம். பிற்காலத்தில் தேசியப் போட்டிகளில் ஓசைக் கருவிகள் கூடாதென்று சங்கத்தார் தடை விதித்தனர். செபமாலையையும் கையில் வைத்துக்கொண்டு வாளியையும் தட்டிய அந்தச் சகோதரியர் ஆட்டம் அறியாத பார்வையாளர் அல்லர். அவர்களுள் பலர் மடத்தில் சேர்வதற்கு முன் தங்கள் பங்குகளில் பந்தாடி வளர்ந்தவர்களே. ஆட்டத்துக்கு முன் அணியினர் கூடி மாதாவிடம் செபிப்பதும் அங்கே வழக்கமாயிருந்தது.

பருவம் முழுவதும் வெற்றிமேல் வெற்றி. இடைநாட்களில் நடந்த ஆட்டங்களைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றைப் போல் ஒன்று. மார்ச்சு மாதத்தில் வட்டாரப் போட்டியின் இறுதியாட்டம் வந்தது. எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர். ரஷ் அம்மையார் படித்த அதே கல்லூரி. சில மைல் தூரத்து அண்டை வீடு. உடற்கல்வி ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பதில் பெயர் பெற்றது. கரோல் எக்மன் என்ற பயிற்சியாளர் 1969ல் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசிய அழைப்புப் போட்டியை அங்கேதான் நடத்தினார். அப்போட்டியில் வென்றதும் அவருடைய அணியே. இம்மாக்குலாட்டாதான் முதன்முதல் தேசிய வெற்றி பெற்ற அணி என்று சிலர் எழுதுவது முழு உண்மையன்று. 1971ல் உருவான பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பெயரால் நடந்த முதல் போட்டியில் வென்றது இம்மாக்குலாட்டா. அதற்கு முன் வழி திறந்தவர்கள் வெஸ்ட் செஸ்டர் பெண்கள். அவர்களுக்குரிய பெருமையை அவர்களுக்கு விடுவதே நியாயம்.

அந்த வட்டார இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டர் 70, இம்மாக்குலாட்டா 38. முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசம்! பருவம் முழுதும் தோற்காத அணி, தேசியப் போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது, இப்படி நொறுங்கிப் போயிற்று. தோற்றாலும் இரண்டாமிடம் பெற்றதால் தேசியப் போட்டிக்குச் செல்லும் தகுதி கிடைத்தது. பதினாறு அணிகளை வரிசைப்படுத்தியபோது இம்மாக்குலாட்டாவுக்குக் கிடைத்த இடம் 15.

தகுதி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. போட்டி நடக்கும் இடம் இல்லினாய் மாநிலத்து நார்மல் என்ற ஊர். பிலடெல்பியாவிலிருந்து விமானத்தில் போகவேண்டிய தூரம். கல்லூரியின் விளையாட்டு நிதியில் அதற்கு இடமில்லை. ஆட்டக்காரிகள் பல் துலக்கும் பிரஷ்களை வாங்கி வீடு வீடாக விற்றனர். அங்கும் இங்கும் கேட்டுத் திரட்டினர். திரண்ட தொகை எட்டு ஆட்டக்காரிகளை அனுப்பவே போதுமானதாயிருந்தது. விமானத்திலும் முன்பதிவு செய்த இருக்கை இல்லை. எவரேனும் வராமற்போய் இடம் காலியானால் ஏறிக்கொள்ளும் மலிவுச் சீட்டுதான். பருவம் முழுதும் உடன் ஓடிய மற்றத் தோழியர் ஊரிலேயே தங்கிவிட்டனர். வெற்றியைப் பற்றிய கட்டுரைகளில் இத்தங்கியவர்களின் பெயர் அதிகம் வருவதில்லை. ஒரே நிதிப் பெட்டியை நம்பிய அணியில் எட்டு பேர் மட்டும் என்று எண்ணிப் பிரிக்கும் அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். எட்டு பேர் என்றால், ஐவர் களத்தில் நிற்க, இருக்கையில் மூவர் மட்டுமே. இருவருக்குக் கால் சுளுக்கினாலும் இக்கட்டுதான்.

1972 மார்ச்சு 16ஆம் நாள் தொடங்கி 19ஆம் நாள் வரை இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போட்டி நடந்தது. உடுப்பு ஒரு செட்டுதான். ஆட்டம் முடிந்து வந்ததும் தங்கும் விடுதியின் கைகழுவும் தொட்டியில் துவைத்து, மறுநாளைக்கு உலர வைத்துக்கொண்டனர். கம்பளித் துணி உலர்வது எளிதன்று என்பதை வீட்டுப் பெண்கள் அறிவர்.

முதல் ஆட்டத்தில் தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தை 60-47 என்று வென்றனர். இரண்டாவதில் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகம்: 49-47. இரண்டே புள்ளி. அரையிறுதியில் முந்திய ஆண்டு தேசிய வெற்றி பெற்றிருந்த மிசிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரி: 46-43. மூன்று புள்ளி. இந்த எண்களை வாசகர்கள் சற்று நின்று பார்க்கவேண்டும். எளிதாக வென்ற ஆட்டம் முதலாவது ஒன்றுதான். மற்றவை நூலிழையில் தொங்கியவை.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை, மார்ச்சு 19. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. எதிரே மறுபடியும் வெஸ்ட் செஸ்டர்! நாட்டின் நடுவே நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்து, கடைசியில் பக்கத்து ஊர்க்காரியையே சந்திக்க வேண்டியதாயிற்று. சில நாட்களுக்கு முன் 32 புள்ளியில் வீழ்த்தியவர்கள். வெஸ்ட் செஸ்டரின் இருக்கையில் மாற்று ஆட்டக்காரிகள் நிறைய; மாக்ஸின் இருக்கையில் மூவர். முடிவு இம்மாக்குலாட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. ஐம்பத்திரண்டில் 26 புள்ளி, அதாவது சரிபாதி, தெரேசா ஷாங்க் எடுத்தவை. அந்தப் பருவத்தின் கணக்கு 24 வெற்றி, 1 தோல்வி.

அந்த ஒரே தோல்விக்கும் அந்த இறுதி வெற்றிக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்கத் தோன்றும். அணி மாறவில்லை, இன்னும் சுருங்கித்தான் போயிருந்தது. எதிரியின் பலமும் பலவீனமும் தெரிந்தது ஒரு காரணம். ரஷ் அம்மையாருக்குத் தாம் படித்த கல்லூரியின் ஆட்டம் புதிதன்று. எட்டே பேராய்ச் சென்றதால் ஒருவருக்கொருவர் எங்கே நிற்பார், எங்கே பந்தைத் தருவார் என்பது பார்க்காமலே தெரிந்துபோனது மற்றொரு காரணமாயிருக்கலாம். ஆண்டவரின் அருள் என்று சகோதரியர் சொன்னால் நாம் மறுக்கப்போவதில்லை. ஆயினும் வெஸ்ட் செஸ்டர் பெண்களும் செபித்திருப்பார்கள் அல்லவா?

அணி திரும்பி வந்தபோது பிலடெல்பியா விமான நிலையத்தில் மாணவியரும் கன்னியரும் பெற்றோரும் திரண்டு நின்று வரவேற்றனர். அடுத்த பருவத்தில் மரியான் கிராஃபோர்டு என்ற வேகக்காரப் பெண் சேர்ந்தார். 1973ல் ஓர் ஆட்டமும் தோற்காமல் நியூயார்க்கில் குவீன்ஸ் கல்லூரியை 59-52 என்று வென்று இரண்டாம் முடி. 1974ல் கான்சாஸ் மாநிலத்தில் மிசிசிப்பி கல்லூரியை 68-53 என்று வென்று மூன்றாம் முடி. 1975 ஜனவரி 26ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் அவர்கள் ஆடிய ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து அவ்வாறு காட்டப்பட்டது அதுவே முதன்முறை. 80-48 என்று வென்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 22ல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் முதன்முதலாகப் பெண்கள் கல்லூரி ஆட்டம் நடந்தபோது, ஏறத்தாழ 12,000 பேர் கூடியிருந்தனர். அங்கும் குவீன்ஸ் கல்லூரியை 65-61 என்று வென்றது இம்மாக்குலாட்டா.

இவ்வளவு சொல்லி நிறுத்திவிட்டால் இனிப்பாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. முதல் முடி சூடிய மூன்று மாதங்களில், 1972 ஜூன் 23ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்றது. விளையாட்டைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் விளையாட்டுத்துறையைத்தான் அது தலைகீழாக்கிற்று. ஆண்கள் அணிகளுக்கு இலட்சக்கணக்கில் செலவிட்ட பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் கூடமும் பயிற்சியாளரும் பயணச் செலவும் கொடுக்க நேர்ந்தது.

அடுத்து உபகாரச் சம்பளம். ஆட்டத் திறமைக்காகப் பெண்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் கல்லூரி தன் போட்டியில் கலந்துகொள்ள முடியாது என்று பெண்கள் சங்கம் முதலில் விதித்திருந்தது. ஆண்கள் விளையாட்டில் கண்ட பேரமும் ஊழலும் பெண்களிடம் வரக்கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். 1973ல் ஃபுளோரிடா மாநிலத்தில் டென்னிஸ் ஆடும் மாணவியரும் பயிற்சியாளரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். ஆண்களுக்கு உண்டு, பெண்களுக்கு இல்லையென்றால் அது என்ன நீதி என்று கேட்டனர். வழக்கின் முன்னணியில் நின்றவற்றுள் மேரிமவுண்ட் என்ற கத்தோலிக்கக் கல்லூரியும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. சங்கம் தன் விதியைத் தளர்த்திற்று.

அவ்வழக்கில் நியாயம் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. உழைக்கும் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லாமல் படிப்பு கிடைப்பதைக் குறை சொல்ல எவரால் முடியும்? ஆனால் அந்த நியாயத்தின் விலையை இம்மாக்குலாட்டா போன்ற கல்லூரிகளே கொடுத்தன. பிரஷ் விற்று எட்டுப் பேரை அனுப்பிய கல்லூரி உபகாரச் சம்பளத்துக்கு எங்கே போகும்? வேறு வாசல் இல்லாததால் பங்கிலிருந்து நேரே அந்தக் குன்றேறி வந்த பெண்களுக்கு இப்போது நாடெங்கும் வாசல்கள் திறந்தன. திறமை மிக்கவர்கள் அங்கே சென்றனர். சென்றதில் தவறுமில்லை.

மாற்றம் களத்தில் உடனே தெரிந்தது. 1975ல் நான்காம் முறையாக இறுதியாட்டத்துக்கு வந்த மாக்ஸ், மிசிசிப்பியின் டெல்டா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 90-81 என்று தோற்றனர். மார்கரெட் வேடு பயிற்றுவித்த அவ்வணியின் நடுவே ஆறடி மூன்றங்குல உயரத்தில் லூசியா ஹாரிஸ் நின்றார். அவரைத் தாண்டிக் கூடையை எட்டுவது எவருக்கும் அரிதாயிருந்தது. 1976ல் அதே எதிரி, 69-64. 1977ல் நான்காமிடம். அத்துடன் ரஷ் அம்மையார் விலகினார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி. ஆறு முறை தேசியக் கடைசி நால்வருள் இடம்.

பெண்களின் சங்கமும் நீடிக்கவில்லை. ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த பெருஞ்சங்கம் 1982ல் தானே பெண்கள் தேசியப் போட்டியை நடத்தத் தொடங்கியதும், பெண்களே பெண்களுக்காக நடத்திய சங்கம் கலைந்தது. அதன் கடைசிப் போட்டியில் வென்றது ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அவ்வணியின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர். முதல் போட்டியில் 26 புள்ளி எடுத்த தெரேசா ஷாங்க்தான், மணமானபின் தெரேசா கிரெண்ட்ஸ். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அமெரிக்கப் பெண்கள் அணியையும் அவரே பயிற்றுவித்தார். மரியான் கிராஃபோர்டு, ஸ்டான்லி என்ற குடும்பப் பெயருடன், ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தை 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் தேசிய முதலிடத்துக்குக் கொண்டு சென்றார். வாளிக்காரர் மகள் ரெனே, போர்ட்லண்ட் என்ற பெயருடன், 1980 முதல் 2007 வரை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய பணிக்காலம் மாணவி ஒருவர் தொடுத்த பாகுபாட்டு வழக்கின் நிழலில் முடிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். 2018ல் அவர் காலமானார்.

இம்மாக்குலாட்டா 2002ல் பல்கலைக்கழகமாயிற்று. 2005 முதல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டது. உபகாரச் சம்பளம் கொடுக்காத சிறு கல்லூரிகளுக்கென்று அமைந்த மூன்றாம் பிரிவில் அதன் அணிகள் ஆடுகின்றன. காத்தி ரஷ் 2008ல் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள நெய்ஸ்மித் நினைவுப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அவருடைய அணிக்கு அந்த மண்டபத்தில் இடம் கிடைக்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டு ஆட்டக்காரிகளும் சேர்ந்து ஓர் அணியாக 2014ல் அங்கே ஏற்கப்பட்டனர். நார்மல் நகருக்குப் போன எட்டுப் பேர் பேரக்குழந்தைகளைக் காணும் வயதை அதற்குள் எட்டியிருந்தனர்.